சென்ற ஆண்டுகளும் நிரம்ப

அவிநாசிக் கோயிலுக்குப் போனால் வாசலில் நிற்கும் தீபஸ்தம்பத்தின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முதலையின் வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வரும் சிற்பம் இருக்கிறது. சுந்தரர் பாடி மீட்ட பிள்ளை. சேர நாட்டுக்குப் போகும் வழியில் இந்த ஊருக்கு வந்தவர், ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டு நின்றார். குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கி வருடங்கள் ஆகிவிட்டன. தப்பியவனுக்கு அன்று பூணூல் கல்யாணம்.

கொங்கு நாட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டபோது வேறு மாதிரி கேட்டது. அத்தனை வருடமும் எங்கே போனது என்ற கேள்வி தூங்க விடாமல் அரித்த நாட்கள் அவை.

கருணாம்பிகை சன்னதியில் கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தேவாரம் பாடி முடித்த பெரியவர் ஒருவரிடம் கதையின் உட்பொருள் என்னவென்று கேட்டேன்.

“முதலை பிள்ளைய முழுங்கிப்போட்டுது, சாமி திருப்பிக் குடுத்தாருன்னு மட்டும் படிக்காதீங்க அம்மிணி. சேக்கிழார் சொல்றதப் பாருங்க” என்றவர், பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தை எடுத்துக்காட்டினார்.

‘உரைப்பார் உரை’ என்று சுந்தரர் எடுத்த பாட்டு முடியும் முன்பே எமன் உயிரைக் கொண்டுவந்துவிட்டான். ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்று முடிகிற பாட்டு அது. வந்த பிள்ளை விழுங்கப்பட்ட அன்றைய குழந்தையாக வரவில்லை. ‘சென்ற ஆண்டுகளும் தரைப்பால் வளர்ந்ததென நிரம்ப’ வந்தான் என்கிறார் சேக்கிழார். இடையில் போன வருடங்களும் உடம்பில் சேர்ந்து, தரையில் வளர்ந்த பிள்ளையைப் போலவே வந்தான்.

முதலை என்பது காலம், மடு என்பது பிறவி என்று பொருள் சொல்வார்கள். சரிதான். எனக்கு அந்த ‘நிரம்ப’ போதும். இருட்டு வயிற்றுக்குள் கிடந்த வருடங்களையும் ஆண்டவன் வளர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கஞ்சி ஊற்றிக் கொடுத்த ராத்திரிகளும், மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்ற பகல்களும் எங்கேயும் தொலையவில்லை. எனக்குள்ளேதான் முற்றியிருக்கின்றன. வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர் செய்ததையும் சொல்ல வேண்டும். சுந்தரரைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்து வணங்கினார்கள். மகனை இழந்தவர் நீங்களா என்று அவர் கேட்டபோது, அது எப்போதோ நடந்து முடிந்தது, உங்களை வணங்கக் காத்திருந்தோம், அது வாய்த்ததே என்றார்கள். பிள்ளை திரும்ப வருவான் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த அன்பைப் பார்த்துத்தான் சுந்தரர் பாட எழுந்தார்.

அவிநாசிக்குப் போகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் குளக்கரைக்கும் போய் வாருங்கள். ‘எற்றான் மறக்கேன்’ என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘உரைப்பார் உரை’ என்ற நான்காம் பாட்டுக்கு வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.