கிருஷ்ண ஐயரின் கட்சிக்காரர்

சிவில் வக்கீலுக்குப் பாதி நாள் பழைய பத்திரங்களோடுதான் போகும். ஒரு நில வழக்குக்காக இனாம் பதிவேட்டு (அந்தக் கால மானிய நிலங்களின் பதிவேடு) நகலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மானியம் எதற்கு என்ற கட்டத்தில் கோயிலில் ஆடும் சேவைக்கு என்றிருந்தது. மானியதாரர் ஒரு பெண். எங்கள் வழக்கு அவரைப் பற்றியதல்ல, இன்றைய பட்டாவைப் பற்றியது. ஆனாலும் அதைப் படித்த நாள் முதல், அந்த ஆட்டத்துக்காக வாதாடிய வக்கீல் இ. கிருஷ்ண ஐயரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1897-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்ற வக்கீல், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சுகுண விலாச சபா நாடகத்தில் மாளவிகா வேடம் கிடைத்ததால் நடனம் கற்கப் போனார். அந்தப் பிடிப்பு கடைசிவரை விடவில்லை. சதிர் (இன்றைய பரதநாட்டியத்தின் பழைய வடிவம், தேவதாசிகள் ஆடியது) என்றாலே முகம் சுளித்த ஊரில் தாமே பெண்வேடம் கட்டி மேடையேறினார்.

புரவலர் என்றால் பணம் படைத்தவர் என்று நினைக்கிறோம். இவர் கொடுத்தது நேரத்தை. வாய்தாவுக்கு வராத வக்கீலிடம் கட்சிக்காரர் தங்கமாட்டார். அதனால் அந்தக் கொடை எவ்வளவு பெரிது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவர் வாதாடிய விதம்தான் எனக்குப் பாடம். 1932 கடைசியில், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோடு இந்த ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் கடிதப் போர் நடந்தது. பெண்களைச் சீரழித்த வழக்கம் வேறு, அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு என்று பிரித்துக் காட்டினார் ஐயர். எழுவினாவை, அதாவது தீர்க்க வேண்டிய கேள்வியை, சரியாக வகுத்தாலே பாதி வழக்கு முடிந்தது என்போம். சாட்சியமும் கைவசம் இருந்தது. தாம் செயலாளராக இருந்த மியூசிக் அகாடமியில் 1931-லேயே திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை ஆடவைத்திருந்தார். அப்போது கூட்டம் இல்லை. 1933 புத்தாண்டன்று அதே சகோதரிகள் மறுபடி ஆடியபோது, சர்ச்சையே சபையை நிரப்பிவிட்டது. அந்த ஆண்டு பாலசரஸ்வதியும் அங்கே ஆடினார்.

கலை ஜெயித்தது. ஆனால் கட்சிக்காரர் யார்? 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதை, தடை செய்தது, செய்ய வேண்டியதுதான். மேடையோ பெரும்பாலும் வேறு சாதி வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. பரம்பரையாக ஆடிவந்தவர்களில் நிலைத்தவர்கள் சிலரே. அவர்கள் வாய் திறக்காமலும் இல்லை. 1927-லேயே சங்கமாகக் கூடி, தடை வேண்டாம் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். அதே குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த முறையே ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். இந்த இரண்டு குரலுக்கும் இல்லாத இடம் ஐயரின் கடிதங்களுக்குக் கிடைத்தது. அதை அவர் குற்றமாக நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களை முதலில் அகாடமி மேடைக்கு அழைத்து வந்தவரே அவர்தான். ஆனாலும் கலையின் பெயரில் பெற்ற தீர்ப்பு கலைஞருக்குத் தானாகப் போய்ச் சேராது.

கலைக்கு உதவ விரும்பும் குடும்பங்களுக்கு இப்போது அறக்கட்டளைப் பத்திரம் எழுதித் தருகிறேன். நோக்கங்கள் பத்தியில் ‘கலையை வளர்த்தல்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்த விடுவதில்லை. முதுமையில் கலைஞருக்கு மாதத்தொகை, மருத்துவச் செலவு, அதை யார் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். சிலர் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். எழுதாமல் நான் பதிவுக்கு அனுப்புவதில்லை.