சித்தியின் மினிட்ஸ் புத்தகம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்துக் காகிதத்தில் மலையாளம் என்பது பிறந்தது முதல் எங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி வீட்டுத் திண்ணையில், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து சேமிக்கும் குழுவான அயல்கூட்டம் கூடும். சேமிப்புப் பணத்தை எண்ணி வாங்கி, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் ஏற்றிய பிறகுதான் ஊர்ப் பேச்சு தொடங்கும்.

திட்டமிடலை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக் கேரள அரசு 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்வழி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு வந்தது. பணம் வந்துவிட்டால் போதுமா? கிராமசபையில் எழுந்து கேட்க ஆள் வேண்டும். 1998-இல் வந்த குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் திட்டம், பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டங்களை வார்டு அளவில் ஏடிஎஸ் (பகுதி வளர்ச்சிச் சங்கம்) என்றும், பஞ்சாயத்து அளவில் சிடிஎஸ் (சமூக வளர்ச்சிச் சங்கம்) என்றும் இணைத்தபோதுதான் அந்த ஆட்கள் உருவானார்கள் என்பது என் கணிப்பு. (கடன் தரும் திட்டம் என்று மட்டும் அதைச் சொல்பவர்களோடு நான் வாதிடுவதை விட்டுவிட்டேன்.)

எங்கள் கிழக்குத் தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கோரம் மழை குறைந்த பகுதி. ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியே பெரும்பாலான தோப்புகள் நிற்கின்றன. நான்கு அயல்கூட்டங்களும் இதைத் தனித்தனியே பேசித் தீர்மானம் எழுதி, ஏடிஎஸ் கூட்டத்தில் ஒன்றாக்கிய பின், கிராமசபைக்கு முப்பது பெண்கள் சேர்ந்து போனார்கள். "சார், குழாய் போட்டு ரெண்டு வருசமாச்சு, தண்ணி எப்ப வரும்?" என்று சித்தி தமிழிலேயே கேட்டார். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அந்தத் தெரு இடம்பெற்றது.

அதே கோரிக்கையைத் தமிழில் எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, மலையாளத்தில் எழுதி வரச் சொல்லித் திருப்பியனுப்பினார்கள். தமிழ் பேசும் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே சொல்லியிருக்கிறது; மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது எட்டவில்லை போலும்.

அயல்கூட்ட அமைப்பின் பலவீனமும் மொழியில்தான் இருக்கிறது. எங்கள் அயல்கூட்டத்தின் செயலாளராக இருக்கும் பெண் மலையாளவழியில் படித்தவர். கூட்டத்தில் நடந்ததைக் குறித்துவைக்கும் மினிட்ஸும் மலையாளத்திலேயே எழுதுவார். தமிழ்ப் பள்ளியில் படித்த மற்றவர்கள், வாசிக்கத் தெரியாத வரிகளுக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவந்தார்கள். "வாசிச்சு அர்த்தம் சொல்லு கண்ணு, அப்புறம் போடறோம்" என்று ஒருநாள் சித்தி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாசித்தபோது, ஒருவர் வாங்கிய ஐயாயிரம் ரூபாய்க் கடன் எட்டாயிரம் என்று எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. கைத்தவறுதான், யாரும் சண்டை போடவில்லை. அந்த வரியை அடித்துத் திருத்தி, கீழே எல்லோரும் மறுபடியும் ஒப்பமிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பதினான்கு பேரின் கையெழுத்தும் இரண்டு முறை இருக்கிறது.