ஹைவேயில் நின்ற வண்டியும் ‘கோளாறு இல்லை’ என்ற ஜாப் கார்டும்

ஃப்யூயல் பம்ப் மாற்றி வண்டி கைக்கு வந்து நேற்றோடு ஆறு வாரம். இதுவரை ஒருமுறைகூட நடுவழியில் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு லாரியை முந்த நினைக்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டர் மேல் வைத்த கால் தயங்குகிறது. இரண்டு மாதம் அலைந்த கதையை, இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத ஏழு சீட்டர். பெட்ரோல், டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஒரு சர்வீஸ்கூடத் தவறவிட்டதில்லை. அன்று நான் ஓட்டினேன். பக்கத்தில் காலேஜ் படிக்கும் மகள், பின்னால் மாமியாரும் சின்னவனும். ஹைவேயில் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். முன்னால் போன லாரியைத் தாண்ட லேன் மாறி அழுத்தினேன். வண்டி இழுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன், ஆர்பிஎம் முள் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. செக் என்ஜின் லைட் எரிந்தது. லாரியின் பின்சக்கரம் என் ஜன்னலை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர் விடாமல் ஹார்ன் அடித்தார். ஹஸார்ட் லைட்டைப் போட்டு, லாரி கடந்து போனதும் உருண்டபடியே ஓரம் வருவதற்குள் என்ஜின் அணைந்துவிட்டது.

இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் அணைந்தாலும் பிரேக் உடனே போய்விடாது. நம் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மூச்சில் அழுத்தமாக மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். ஓடும் வண்டியில் சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடலாம். நியூட்ரலில் போட்டு ஓரம் கட்டுவதுதான் முதல் வேலை.

இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

மறுநாள் சர்வீஸ் சென்டர். ஸ்கேனர் மாட்டினார்கள். அரை மணி நேரத்தில் அட்வைசர் சாவியை நீட்டினார். “ஒரு கோடு இருந்துச்சு மேடம், கிளியர் பண்ணிட்டோம். இப்ப வண்டி சூப்பரா இருக்கு.”

கோடு (code) என்பது பழுது வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் குறியீட்டு எண். என்ன கோடு என்று கேட்டேன். குறித்து வைக்கவில்லையாம். புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தது.

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். கோடு பதியும்போது அந்த நொடியில் வண்டி என்ன வேகம், என்ன ஆர்பிஎம், என்ஜின் மேல் எவ்வளவு லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு என்பதையும் வண்டியின் கம்ப்யூட்டர் சேர்த்தே பிடித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை கிளியர் செய்தால் அதுவும் அழிந்துவிடும். நானும் குழந்தைகளும் லாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அந்த நிமிடத்துக்கு இருந்த ஒரே சாட்சியை, எழுதிக்கூட வைக்காமல் அழித்துவிட்டார்கள். வண்டியைக் கொடுக்கும்போதே ‘கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் பிரின்ட் எடுத்துக் கொடுக்காமல் எதையும் கிளியர் செய்யக் கூடாது’ என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னால் போதாது.

ஒன்பது நாளில் மறுபடி நின்றது. இந்த முறை ஸ்பார்க் ப்ளக் மாற்றி, என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைக் கழுவி, என் கணக்கில் பில் போட்டார்கள். டெஸ்ட் டிரைவ் போனோம் என்றார்கள். ஓடோமீட்டரைப் பார்த்தேன், 3 கிலோமீட்டர்தான் கூடியிருந்தது. நாற்பது நிமிடம் ஓடிய பிறகு நிற்கும் வண்டியை, சூடே ஏறாத என்ஜினோடு தெருமுனை வரை ஓட்டிவிட்டு சரியாகிவிட்டது என்றால் என்ன சொல்வது?

மூன்றாவது முறை வந்த பதில்தான் என்னை உலுக்கியது. “பெட்ரோல் சரியில்ல மேடம். தண்ணி கலந்திருக்கும். இது வாரண்டியில வராது.”

பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. “அப்ப இப்பவே எடுங்க, நான் இருக்கேன்” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் இழுத்தடித்து, கடைசியில் லைனைக் கழற்றி இரண்டு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார்கள். ஒன்றை மூடி சீல் வைத்து, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். இன்னொன்றை மேஜை மேல் அசையாமல் வைத்தோம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலிலும் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மேலிருந்து அடி வரை ஒரே நிறம். கோடும் இல்லை, கலங்கலும் இல்லை, துகளும் இல்லை. அட்வைசர் பாட்டிலைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். அதோடு பெட்ரோல் பேச்சு நின்றது. ஆனால் வண்டி அப்படியே திரும்பி வந்தது, ஜாப் கார்டில் அதே வரியோடு.

அதன் பிறகுதான் ஒரு ஓபிடி ரீடர் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால் என்ஜின் விவரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். போன் மகள் கையில். ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது. ஃப்யூயல் ரயில் பிரஷரை, அதாவது என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் அழுத்தத்தை, தேர்ந்தெடுத்து ரெக்கார்ட் செய்யச் சொன்னேன். மாமியாரையும் சின்னவனையும் வீட்டில் விட்டுவிட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில், ஓரம் அகலமாக இருக்கும் சாலையில், லேன் மாறாமல் ஓட்டினேன். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் மகள், “அம்மா, கேக்குறது 150 பார், கிடைக்குறது 38” என்றாள். பார் என்பது அழுத்தத்தின் அலகு; என்ஜின் கம்ப்யூட்டர் கேட்டது 150, ரயிலில் இருந்தது 38. அடுத்த நொடி வண்டி தளர்ந்தது. ஓரம் கட்டி, அங்கேயே கோடைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பி0087. ரயிலில் அழுத்தம் குறைவு.

அந்தப் படங்களோடு நான்காவது தடவை போனேன். இப்போது உடனே, ஹை பிரஷர் பம்பை மாற்றிவிடலாம் என்றார்கள். நல்லவேளை, அன்று ஒரு சீனியர் மெக்கானிக் இருந்தார். இந்த மாதிரி என்ஜினில் இரண்டு பம்ப். டேங்குக்குள் மின்சாரத்தில் ஓடுவது ஒன்று, அது ஐந்து பார் அளவில் பெட்ரோலைத் தள்ளுகிறது. என்ஜின் மேல் கேம் சுழற்சியில் ஓடுவது இன்னொன்று, அது வாங்கியதை நூறு, இருநூறு பார் என்று ஏற்றி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. டேங்க் பம்ப் பட்டினி போட்டாலும் பழி ஹை பிரஷர் பம்ப் மேல்தான் விழும், ஏனென்றால் இரண்டுக்கும் அதே கோடுதான் வரும். “முதல்ல லோ சைடு பார்க்காம எதையும் கழட்டாதீங்க” என்று அவர் தன் ஆட்களிடம் சொன்னதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

டேங்க் பம்பிலிருந்து வரும் லோ பிரஷர் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, அதை பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து வைப்பர் அடியில் டேப் ஒட்டி, கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைத்தார். வழக்கமாக நிற்கும் நிலையில், அதாவது கால் டேங்க் பெட்ரோலோடு ஓட்டச் சொல்லிக் கேட்டேன். டேங்க் பம்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய சூடு ஏறும். முதல் அரை மணி நேரம் முள் ஐந்தில் ஆடாமல் நின்றது. எனக்குப் பயமே வந்துவிட்டது, இன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடிவிடுமோ என்று. முப்பத்தெட்டாவது நிமிடம் முள் லேசாக நடுங்கியது. நான்கு. ஏற்றத்தில் அழுத்தினேன். இரண்டு. “நான் பாத்துட்டேன் மேடம், ஓரமா விடுங்க” என்றார். இரண்டு மாதத்தில் ஒருவர் வாயால் அதைக் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வாரண்டியில் டேங்க் பம்ப் புதிதாக வந்தது, நான்கு நாளில் வண்டி கையில்.

ரீகால் பற்றியும் சொல்ல வேண்டும். டென்சோ தயாரித்த டேங்க் பம்ப் சிலவற்றில், உள்ளே சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் பெட்ரோலை உறிஞ்சி ஊதி, கூட்டில் உரசி நின்றுவிடும் என்று தெரியவந்து, டொயோட்டா மட்டும் 2020 முடிவதற்குள் உலகம் முழுக்க சுமார் 58 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹோண்டாவும் இதே மாதிரிப் பழுதுக்காக அழைத்திருக்கிறது. வண்டியின் 17 இலக்க வின் நம்பரைக் கொடுத்தால் ரீகாலில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். என் வண்டி எந்த ரீகாலிலும் இல்லை. “ரீகால் இல்லையே, அப்ப பம்ப் நல்லாத்தான் இருக்கும்” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். பட்டியலில் இல்லாத பம்பும் சாகும்.

ஜாப் கார்டில் ‘பிக்கப் இல்லை’ என்று எழுத விடாதீர்கள். நான் கடைசியில் எழுத வைத்தது இது: ‘நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பின், 80 கிலோமீட்டர் வேகத்தில், கால் டேங்க்கில் என்ஜின் நின்றது. இருபது நிமிடம் ஆறிய பிறகு ஓடியது. இதே நிலையில் ஓட்டிப் பார்க்கவும்.’ இப்படி இருந்தால் 3 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யாரும் கையெழுத்துப் போட முடியாது.

தேவையில்லாமல் மாற்றிய ஸ்பார்க் ப்ளக்குக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு, நான்கு ஜாப் கார்டின் நகலோடு கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை நேரில் போகிறேன், சீல் வைத்த அந்த பாட்டிலும் கூடவே வரும்.