பிறந்த ஆண்டு 1998 என்றிருந்தது

அரையாண்டு விடுமுறையின் நான்கே நாட்களில் என் வங்கிக் கணக்கிலிருந்து 7,340 ரூபாய் போயிருந்தது. 79, 159, 399 எனச் சிறுசிறு தொகைகளாகப் போனதால், குறுஞ்செய்திகளைப் பால், மளிகைக் கணக்கோடு சேர்த்தே கடந்திருக்கிறேன். என் யுபிஐ ரகசிய எண்ணைப் பின்னால் நின்று பார்த்துவைத்திருந்த 11 வயது மகன், கைப்பேசி விளையாட்டொன்றில் வைரங்கள் வாங்கியிருந்தான். கேட்டதற்கு, "ரூபாய் இல்லைப்பா, வைரம்தான் செலவாச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. சட்டைக்கும் துப்பாக்கிக்கும் அங்கே வைரத்தில்தான் விலை போட்டிருந்தார்கள்.

ரகசிய எண் சரியாக இடப்பட்டிருப்பதால் இது மோசடி ஆகாது என்றது வங்கி. அது என் கவனக்குறைவுதான். செயலிக் கடையில் கோரியபோது, கடைசி இரண்டு நாட்களுக்கான 2,180 ரூபாய் மட்டும் திரும்பியது. மீதியைத் திருப்பித் தரவும், மகனைப் பற்றிச் சேர்த்துவைத்திருந்த தரவை அழிக்கவும் கேட்டு விளையாட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்தாம் நாள்தான் பதில் வந்தது: கணக்கில் பிறந்த ஆண்டு 1998 என்றிருப்பதால் வாங்கியவர் வயது வந்தவராம். புதிய கணக்கொன்றைத் தொடங்கிப் பார்த்தேன். ஆண்டுச் சக்கரம் தானாகவே 1998-இல் வந்து நின்றது. 'சரி' என்று அழுத்தினால் போதும்.

அந்தத் திரையின் படத்தையும் மகனின் பள்ளி அடையாள அட்டை நகலையும் இணைத்து (தரவை அழிக்கக் கேட்பதற்கு மேலும் தரவைக் கொடுக்க வேண்டியிருந்தது), 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்னும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழிலேயே பதிவுசெய்தேன். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமில்லை. நிறுவனத்தைப் பதில் சொல்ல வைப்பதோடு சரி. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்கை, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கட்டணமின்றித் தொடுக்க முடியும் என்பதையும் கடிதத்தில் சேர்த்திருந்தேன். 18-ஆம் நாள் மீதி 5,160 ரூபாயும் 'நல்லெண்ண அடிப்படையில்' வந்துசேர்ந்தது. 1998 பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பணத்தைவிடத் தரவுதான் இழுத்தடித்தது. கேட்டுப் பெற்ற நகலில் மகனின் அரட்டைகள், வீட்டின் இருப்பிடம், என் கைப்பேசியிலிருந்த அத்தனை பேரின் எண்கள் எல்லாம் இருந்தன. குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள் அதற்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டதால், அதைக் காட்டி வாதிட முடியவில்லை.

எஞ்சிய வழி, கணக்கையே நீக்குவது. அந்தத் திரையில் 'என் வீரனைக் கைவிடமாட்டேன்' என்று பெரிய பச்சைப் பொத்தான். அதற்கடியில் மங்கிய சாம்பல் எழுத்தில் 'நீக்கு'. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில், இப்படிக் குற்றவுணர்வைத் தூண்டுவதும் ஒன்று. 47-ஆம் நிலை வரை வந்துவிட்டதாக மகன் இரண்டு நாள் கெஞ்சினான். மூன்றாம் நாள் அவனே சாம்பல் எழுத்தை அழுத்தினான். ஒரு மாதம் கழித்து வந்த மின்னஞ்சலில், பணப் பரிவர்த்தனைப் பதிவுகள் தவிர மற்றவை அழிக்கப்பட்டுவிட்டதாக இருந்தது.