கொடுமணல் கல்வட்டமும் எங்கள் கிணற்று மேட்டுக் கல்லும்

சென்னிமலைப் பக்கம் மாமா ஊருக்குச் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். பழங்காலத்துக் கல்வட்டங்கள் இருக்கிற கொடுமணல் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. ஆனாலும் நாற்பது வயதுவரை நான் அங்கே கால் வைத்ததில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். "அங்க வெறும் கல்லுதான் கண்ணு கெடக்குது" என்றார். சொல்லிக்கொண்டே டி.வி.எஸ். எக்ஸெல்லை வெளியே தள்ளினார்.

நொய்யலின் வடகரை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு, அங்கங்கே வெள்வேல மரம், காய்ந்து மஞ்சளித்த கொழுக்கட்டைப் புல். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். சத்தியமாக எதுவும் தெரியவில்லை. எந்த மேட்டுக்காட்டிலும் கிடக்கிற மாதிரிதான் பாறாங்கற்கள் கிடந்தன. இதைத் தேடியா வந்தோம் என்று மனம் சுருங்கிவிட்டது.

மாமா ஒரு கல்லின் பக்கத்தில் போய் நின்றார். "இங்கிருந்து அடுத்த கல்லுக்குப் போ. அங்கிருந்து அதுக்கடுத்த கல்லுக்குப் போ" என்றார். போனேன். ஐந்தாவது, ஆறாவது கல்லில் என் கால் தானாக வளைந்தது. பத்தாவது கல்லில் மாமா எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். இருபத்து மூன்று எண்ணி முடித்தபோது கிளம்பின கல்லுக்கே வந்திருந்தேன். அப்புறம்தான் கண்ணுக்கு வட்டம் தெரிந்தது. அதன் நடுவே சின்னக் கற்களும் மண்ணும் லேசாக மேடுகட்டியிருந்தன. அப்படியே திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒன்று, அதைத் தாண்டி இன்னொன்று. காடு முழுக்க வட்டங்கள்.

களைப்பில் ஒரு கல்மேல் உட்காரப் போனேன். செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருத்தர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "அதுமேல உக்காராத அம்மிணி. ஆளு கெடக்குற எடம்." சட்டென்று எழுந்துகொண்டேன்.

இந்த வட்டங்களெல்லாம் கல்லறைகள். அகழாய்வில் திறந்த ஒன்றையும் பார்த்தேன். நாலு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி மாதிரி கட்டியிருக்கிறார்கள். கற்பதுக்கை என்று பெயர். ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்பார்கள். என் தலை நுழையும், தோள் நுழையாது, அவ்வளவுதான் அகலம். விளிம்பைத் தடவினேன். கொத்திக் கொத்தி எடுத்த தடம் பொடிப் பொடியாக விரலில் பட்டது. வட்டம் மட்டும் எங்கும் கோணவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். நாளெல்லாம் கழுத்து வட்டத்தைத்தான் பார்க்கிறேன். மிஷினில் தைக்கிற நெக் ரிப்பே அரை சென்டிமீட்டர் இழுத்துக்கொண்டு போகும். இது கருங்கல். செய்தவர் கையை நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கை தொழில் பழகிய கை. கொடுமணல் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் பெரிய தொழில் ஊர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பல பருவங்கள் தோண்டியதில் இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, பழைய தமிழ் எழுத்தான தமிழியில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள். பச்சைக்கல்லான பெரில் பக்கத்துப் படியூரிலேயே கிடைத்தது. சிவப்புக் கல்லான சூதுபவளம் அப்படியில்லை, குஜராத் பக்கமிருந்து வரவேண்டும். எங்கள் பனியன் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. அவர்கள் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் தாண்டி மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்குப் போனது.

இங்கே ஒரே ஒரு கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அத்தனை தூரத்திலிருந்து வரவழைத்த கல். ஒவ்வொன்றையும் தேய்த்து, மெருகேற்றி, நூல் நுழையத் துளை போட்டிருக்கிறார்கள். கப்பலேறினால் நல்ல காசு. அத்தனையையும் செத்தவரோடு மண்ணுக்குள் வைத்து, மேலே கல்லை அடுக்கி, சுற்றிப் பாறையை உருட்டி வந்து வட்டம் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அவ்வளவு வேண்டியவராக இருந்திருக்கிறார்.

திரும்பும் வழியில் மாமா பேசவேயில்லை. ஊர் எல்லை வந்ததும் வண்டியை மெதுவாக்கினார்.

"நம்ம கெழக்காலத் தோட்டத்துலயும் இப்படி ஒரு வட்டம் இருந்துச்சு கண்ணு. பாண்டியர் குழின்னு சொல்லுவாங்க. நான் பள்ளிக்கோடம் போறப்ப. ஒழவுக்கு எடஞ்சல்னு அப்பாரு மாட்டு வண்டியில ஏத்தி எடுத்துட்டாரு."

"கல்லெல்லாம் எங்கீங்க மாமா?"

"வரப்புக்குக் கொஞ்சம் போச்சு. கெணத்து மேட்டுல ஒண்ணு கெடக்குது."

அது எனக்கு நன்றாகத் தெரிந்த கல். அதன்மேல்தான் அம்மா துணி துவைத்தார், லீவுக்கு வந்தால் நானும் துவைத்தேன். வட்டமாக இருந்த அந்த இடத்தில் இப்போது சோளத்தட்டு நிற்கிறது. அப்பாரு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி எத்தனை தோட்டத்தில் எத்தனை வட்டம் போயிருக்கும் என்று நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. அப்போது மாட்டுவண்டிக்கு நாள்கணக்கில் ஆன வேலை, இப்போது ஜே.சி.பி.க்கு ஒரு காலைப்பொழுது.

வீட்டுக்குள் நுழையாமல் இரண்டு பேரும் நேரே கிணற்று மேட்டுக்குப் போனோம். கல்லின் மேல்பக்கம் துவைத்துத் துவைத்து வழுவழுவென்று இருந்தது. அடிப்பக்கம் மட்டும் சொரசொரப்பு. அத்தை அப்போதுதான் துவைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், ஈரம் காயவில்லை. மாமா குனிந்து அதன்மேல் இருந்த சோப்புப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.