மூக்கடைப்போடு ஒரு டிரையத்லான்

கோவா மிராமர் கடற்கரையில் வரிசையில் நிற்கும்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டி அது. போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்கச் சளி, பயிற்சியே இல்லை. காய்ச்சல் இருந்திருந்தால் சத்தியமாக இறங்கியிருக்க மாட்டேன்; காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி வரலாம். தொல்லை கழுத்துக்கு மேலேதான், சரி, நிதானமாகப் போவோம் என்று முடிவெடுத்தேன்.

1.9 கிலோமீட்டர் நீச்சல். அடைத்த மூக்கோடு கடலில் நீந்துவது தனிக் கொடுமை. வழக்கமாக மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்சு எடுப்பேன். அன்று இரண்டுக்கு ஒருமுறை எடுத்தும் போதவில்லை. நடுவில் மல்லாந்து மிதந்து, வாயில் போன உப்புத் தண்ணீரைத் துப்பி, இருமித் தீர்த்துவிட்டுத்தான் மறுபடி கையை வீச முடிந்தது.

அப்புறம் 90 கிலோமீட்டர் சைக்கிள். அது எப்படியோ ஓடிவிட்டது.

21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் வெயில் ஆளைப் பிழிந்தது. தண்ணீர் கொடுக்கும் இடத்திலெல்லாம் ஐஸ்கட்டியை வாங்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டேன். பாதி நடை, பாதி ஓட்டம். கூட ஓடிவந்த பெரியவர் ஒருவர் தன்னிடமிருந்த உப்பு மாத்திரையைக் கொடுத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்காகவே ஓடி முடித்தேன்.

பதக்கத்தோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். "சந்தோஷம்டா. மொதல்ல ஆவி பிடி" என்றார்.