சாய்வு ஒட்டு: மூன்றாவது முறை நின்றது

சாய்வு ஒட்டு என்றால் இரண்டு பலகை முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது. நேற்று காலை மூன்றாவது சோதனை ஒட்டை முழங்காலில் வைத்து முறியும் வரை வளைத்தேன். முறிந்தது பசைக் கோட்டில் இல்லை, பக்கத்துப் பலகையில். ஒரு பொருள் உடைந்ததற்கு நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

தொழில் மாடுலர் கிச்சன் மாட்டுவது. தனி ஆள், கூட ஒரு பையன். அதற்கு முன் காசிமேட்டில் தாய்மாமாவோடு மர லாஞ்சுகளுக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தேன், அதாவது பலகை இடுக்குகளைத் தண்ணீர் புகாமல் அடைக்கும் வேலை. ஃபைபர் படகு வந்தது, வேலை குறைந்தது, அலமாரிப் பக்கம் வந்துவிட்டேன். படகு ஆசை மட்டும் போகவில்லை. இப்போது தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் 6 மி.மீ. 710 பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் மரைன் ரகம்) தட்டை அடிப் படகு ஒன்று.

எட்டடிப் பலகையோடு நாலடி சேர்த்தால்தான் நீளம் வரும். 1-க்கு 8 சரிவு, அதாவது 6 மி.மீ. கனத்துக்கு 48 மி.மீ. நீளம். முதலில் சோதனைத் துண்டுகள்: இரண்டையும் அந்த அளவு தள்ளிப் படிக்கட்டு போல அடுக்கி, ஒரே சரிவாக இழைத்தேன். பிளைவுட்டின் அடுக்குக் கோடுகளே மட்டம் காட்டும்: வரிவரியாக நேராக ஓடினால் சரி, ஒன்று வளைந்தால் அங்கே கை அழுந்திவிட்டது. உள்ளே இருக்கும் பசை இழைப்புளிக் கத்தியைத் தின்கிறது. ஒரு சரிவுக்கு நாலு முறை தீட்டினேன்.

இழைப்பில் குறை இல்லை, ஒட்டுதான் கழுத்தறுத்தது. முதல் இரண்டும் பசைக் கோட்டிலேயே அப்பளமாகப் போயின. மாமா துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஒட்டறதுக்கு முன்னாடியே பிதுக்கிட்டியா?" என்றார். அதேதான். ஃபெவிகால் பழகிய கை, கிளாம்ப்பை மூச்சுமுட்ட இறுக்கிவிட்டது. இங்கே பசை எபாக்சி, ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகுவது. அதற்கு அந்த இறுக்கம் ஆகாது, பசை முழுக்க வெளியே வந்துவிடும். மிச்சத்தையும் சரிவில் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும் மர நரம்பு நுனிகள் குடித்துவிட்டன. இந்த முறை வெறும் எபாக்சியை முதலில் தடவி, ஊற விட்டு, குடித்த இடத்தில் மறுபடி தடவினேன். அப்புறம்தான் மாவு போன்ற மரத்தூள் கலந்த கெட்டிப் பசை. கிளாம்ப்பை லேசாக, பசை ஓரத்தில் முத்து முத்தாகத் தெரியும் அளவுக்கு மட்டும் திருகினேன்.

வெயில் தனிக்கதை. மக்கில் மொத்தமாகக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கை சுடுகிறது, அப்புறம் கல். இப்போது விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் பரப்பிவைக்கிறேன்.

காசிமேட்டுக் கடைகளில் ரெசின் என்று மட்டும் கேட்டால் பாலியஸ்டரை எடுத்து வைப்பார்கள். ஃபைபர் போட்டுக்கு அது போதும், மரத்தில் பிடிப்பு குறைவு. எபாக்சி என்று வாய்விட்டுச் சொல்லி, ரெசினும் ஹார்டனரும் ஒரே ஜோடியா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து படகுக்குள் குறுக்கே நிற்கும் தடுப்புப் பலகைகள், அதற்கு எனக்குப் பயமில்லை. ராயபுரத்துப் பழைய வீடுகளில் ஒரு சுவரும் மூலைமட்டத்துக்கு நிற்காது. அட்டையில் வெட்டிப் பார்த்துக் கவுண்டர் பொருத்திய கைக்கு, படகின் வளைவு அந்தச் சுவர்களை விடச் சாதுதான்.

துடுப்புக்கு மரம் தேட ஆரம்பித்துவிட்டேன், அடிப்பலகையே இன்னும் ஒட்டவில்லை. முடிந்ததும் எண்ணூர் முகத்துவாரம். மாமா கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "கீழ எப்படிடா எறக்குவ?" மாடிப்படித் திருப்பத்தை நேற்று அளந்தேன். வராது. கிரானைட் இறக்கும் கயிறுதான்.